வெட்டினாலும் ஏன் முளைக்குது? மூக்குச் சதையும் ஒரு திராட்சைக்குலைக் கிருமியும்

"எனக்கு சைனஸ் இருக்கு" என்று யாராவது சொல்லிக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. கம்பம், சின்னமனூர், போடி எங்கே போனாலும் இதே பேச்சுதான். உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கு. அது நோயின் பெயர் இல்லை, முக எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். கன்னத்தில் ஒரு ஜோடி, நெற்றியில் ஒரு ஜோடி, இரு கண்களுக்கும் நடுவே சல்லடை மாதிரி சிறு அறைகள், மூக்குக்குப் பின்னால் மண்டை ஓட்டின் அடியில் ஒரு ஜோடி. இவற்றின் உட்சவ்வு அழன்று வீங்குவதுதான் சைனசைட்டிஸ். சித்த மருத்துவர்கள் பீனிசம் என்பார்கள். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் அது நாள்பட்ட வகை.

இந்தக் குறிப்பை எழுத வைத்தது என் சித்தப்பா கேட்ட ஒரு கேள்வி. போடியிலிருந்து விடியக்காலையில் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். மூக்கில் "சதை வளர்ந்திருக்கு" என்று ரெண்டு தடவை ஆபரேஷன் ஆயிடுச்சு. இப்போது மூணாவது தடவையும் மூக்கு அடைப்பு, வாசனையே தெரியவில்லை. ஏலக்காய்க் காட்டில் நின்றுகொண்டு ஏலக்காய் மணம் தெரியாத மனிதர். "வேரோட எடுத்துட்டோம்னுதானே சொன்னாங்க, அப்புறம் எப்படிப்பா மறுபடி முளைக்குது?" என்றார். நியாயமான கேள்வி. பதில் தேடிப் படித்ததில் நாலைந்து மாதம் ஓடிவிட்டது. படித்ததன் சாரம் இது.

அடைத்த சாக்கடை கதை

சைனஸ் நோய்க்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் எளிமையானது. காற்றறையிலிருந்து சளி வெளியேறும் துவாரம் மிகச் சின்னது. சளி பிடித்தால் துவாரம் வீங்கி அடைக்கும், உள்ளே தேங்கிய சளியில் கிருமி பெருகும், சீழ் வைக்கும். ஆகவே ஆன்டிபயாடிக் கொடு, கேட்காவிட்டால் துவாரத்தைப் பெரிதாக்கு.

திடீரென்று வந்து போகும் சைனசைட்டிஸுக்கு இந்தக் கதை ஓரளவு பொருந்தும். அதிலும் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் இல்லாமலே அடங்கிவிடும். ஆனால் சதை வளரும் நாள்பட்ட வகைக்கு (டாக்டர்கள் பாலிப் என்பார்கள்) இந்தக் கதை போதாது. பாலிப்பை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிருமித் தொற்றில் நாம் எதிர்பார்க்கும் சீழணுக்களைவிட வேறொரு வெள்ளையணு கூட்டம் கூட்டமாக நிற்கும். அதன் பெயர் ஈசினோஃபில். இது வழக்கமாகக் குடற்புழு, ஆஸ்துமா, அலர்ஜி இருக்கும் இடங்களில் தலைகாட்டும் அணு. எல்லோருக்கும் அப்படியே இல்லை. ஐரோப்பியர்களின் பாலிப்பில் ஈசினோஃபில் அதிகம். சீனா போன்ற ஆசிய நாடுகளில் செய்த ஆய்வுகளில், சீழணு மேலோங்கிய பாலிப்புகளும் கணிசமாக இருந்தன. ஒரே பெயரில் பல நோய்கள் ஒளிந்திருக்கு என்பதை இங்கேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈசினோஃபில் வகையில் ஒரு புதிர் இருக்கு. அது அலர்ஜி மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் பலருக்கு ஊசி குத்திச் செய்யும் அலர்ஜி டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. தூசியுமில்லை, மகரந்தமுமில்லை என்றால் எதற்கு இந்தக் கொந்தளிப்பு?

திராட்சைக்குலை

1880 வாக்கில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டை உருண்டையாக, கொத்துக் கொத்தாகக் கிருமிகள். 1882இல் அதற்கு ஸ்டாஃபைலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் ஸ்டாஃபைலே என்றால் திராட்சைக்குலை. சுருளிப்பட்டி பக்கம் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதே இல்லை. நம்ம பன்னீர் திராட்சைக் குலையைப் பல ஆயிரம் மடங்கு சுருக்கினால் அந்தக் கிருமிக் கூட்டம். அடுத்து 1884இல் ரோசன்பாக் என்ற ஜெர்மானியர், பொன்னிறமாக வளரும் வகைக்கு ஆரியஸ் என்று பெயர் சேர்த்தார். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பொன்னிறத் திராட்சைக்குலை.

இந்தக் கிருமி அந்நியன் இல்லை. ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கின் முன்பகுதியில் இது குடியிருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாது. ஆனால் இதன் கையில் பல நச்சுப் புரதங்கள் உண்டு. அதில் ஒரு குடும்பம் என்டரோடாக்சின், அதாவது குடல் நச்சு. 1914இல் பிலிப்பைன்ஸில் எம்.ஏ. பார்பர் என்ற ஆய்வாளர், மடிவீக்கம் வந்த ஒரு பசுவின் பாலை வெளியே வைத்துக் குடித்தால் வாந்தி வருவதைத் தானே குடித்துப் பார்த்து உறுதி செய்தார். காரணம் இந்த நச்சு. கல்யாண வீட்டில் சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரத்தில் வரிசையாக எல்லோருக்கும் வாந்தி என்றால், பல நேரம் இதுதான் காரணம். உணவைத் திரும்பச் சூடு பண்ணினால் கிருமி செத்துவிடும், நச்சு சாகாது.

வயிற்றைப் புரட்டும் அதே நச்சு மூக்கில் சுரந்தால் என்ன ஆகும்?

மதகை யார் திறப்பது?

இதைப் புரிந்துகொள்ள நோய் எதிர்ப்பு மண்டலம் வழக்கமாக எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கணும். முல்லைப் பெரியாறு தண்ணீர் தெரிந்தவர்களுக்கு இது லேசாகப் புரியும்.

1895இல் பெரியாறு அணை வந்ததிலிருந்து நம் பள்ளத்தாக்கில் இரு போகம் நெல் விளைகிறது. தண்ணீர் குறைந்த காலத்தில் முறைப் பாசனம் வைப்பார்கள். இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள். எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை.

உடலிலும் முறை உண்டு. ஒரு கிருமி நுழைந்தால் காவல் அணு அதை விழுங்கி, துண்டு துண்டாக்கி, ஒரு சிறு துண்டைத் தன் மேல்பரப்பில் இருக்கும் ஒரு பள்ளத்தில் வைத்துக் காட்டும். டி செல் என்ற வெள்ளையணுக்கள் வந்து பார்த்துப் போகும். ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் பொருந்தும். ஆகவே பத்தாயிரத்தில் ஒன்றோ, அதைவிடக் குறைவாகவோதான் "இது என் வேலை" என்று விழித்துக்கொள்ளும். அது பெருகி, அந்தக் கிருமியை மட்டும் குறி வைக்கும். ஒரு வாய்க்கால், ஒரு மதகு.

ஸ்டாஃபைலோகாக்கஸின் குடல் நச்சு இந்த முறையை மதிப்பதில்லை. அது பள்ளத்துக்குள் உட்காருவதே இல்லை. காவல் அணுவையும் டி செல்லையும் வெளிப்பக்கமாகப் பிடித்து ஒட்டவைத்துவிடும். உள்ளே எந்தத் துண்டு இருக்கு, பொருந்துதா என்ற கேள்வியே எழாது. இதனால் டி செல்களில் நூற்றுக்கு இருபது வரைகூட ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும். எல்லா மதகும் திறந்தாச்சு, தண்ணீர் யார் வயலுக்குப் போகணும் என்று கேட்க ஆளில்லை. அமெரிக்காவில் ஃபிலிப்பா மேரக், ஜான் கேப்லர் தம்பதியின் ஆய்வுக்குழு 1989இல் இந்த வகை நச்சுகளுக்கு சூப்பர்ஆன்டிஜென் என்று பெயர் வைத்தது. இது ரத்தத்தில் கலந்தால் உயிரையே பறிக்கும் அதிர்ச்சி நிலை வரலாம். மூக்கின் சவ்வில் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் கசிந்தால் நடப்பது வேறு.

கென்ட் நகரத்து ஆய்வு

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் கிளாஸ் பாகெர்ட் என்ற மூக்கு மருத்துவரின் குழு இதைத்தான் துருவியது. 2001இல் அவர்கள் வெளியிட்டது: பாலிப் திசுவை அரைத்துப் பார்த்தால் அதில் ஐஜிஈ என்ற அலர்ஜி எதிர்ப்புப் பொருள் ஏராளமாக இருக்கு. அதில் ஒரு பகுதி ஸ்டாஃபைலோகாக்கஸின் குடல் நச்சுக்கு எதிராகவே உருவானது. அதாவது, உடல் தூசிக்கு அலர்ஜி ஆகாமல், கிருமியின் நச்சுக்கே அலர்ஜி ஆகியிருக்கு. ஊசி டெஸ்ட்டில் தெரியாததற்கும் இது விளக்கம் தருகிறது. நாம் தேடியது தூசியை, ஐஜிஈ உற்பத்தி நடந்ததோ மூக்குச் சதைக்குள்ளேயே.

2004இல் அதே குழு இன்னொரு கணக்கைத் தந்தது. பாலிப் உள்ளவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டோர் மூக்கில் இந்தக் கிருமி இருந்தது, பாலிப் இல்லாதவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான். 2010இல் இன்னும் முக்கியமான ஒன்று: பாலிப் திசுவில் இந்த நச்சுக்கு எதிரான ஐஜிஈயும் இன்டர்லூகின்-5 என்ற தூதுப்பொருளும் சேர்ந்து இருந்தால், அந்த ஆளுக்கு ஆஸ்துமாவும் இருக்க வாய்ப்பு அதிகம். மூக்கும் நுரையீரலும் ஒரே குழாயின் இரு முனைகள். சித்தப்பாவுக்கு ராத்திரியில் வரும் இளைப்பை "மலைக்குளிர்" என்று எல்லோரும் ஒதுக்கியது சரியில்லை என்று எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான்.

சதை எப்படி உருவாகுது? திறந்த மதகுகளிலிருந்து பாயும் தூதுப்பொருள்களில் மூன்று முக்கியம். இன்டர்லூகின்-5 ஈசினோஃபில்களைக் கூப்பிட்டு, சாகவிடாமல் வைத்துக்கொள்ளும். இன்டர்லூகின்-4, 13 இரண்டும் ஐஜிஈ உற்பத்தியைத் தூண்டும், சளியைப் பெருக்கும், சவ்வின் கட்டுக்கோப்பைத் தளர்த்தும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து சவ்வில் தேங்கும். அதைக் கரைத்து வடிக்க வேண்டிய ஏற்பாடும் மந்தமாகிவிடும். தேங்கிய நீர் கனத்துக் கீழே தொங்கும். அதுதான் பாலிப். தோலுரித்த திராட்சை மாதிரி வெளுத்து, வழுவழு என்று, தொட்டால் வலிக்காமல் இருக்கும். இது "சதை" இல்லை, தண்ணீர் கட்டிய சவ்வு. வேரும் கிடையாது. வெட்டியவர் வேரை விட்டுவிட்டார் என்று கோபிப்பதில் பொருளில்லை. வயலில் தேங்கிய தண்ணீரை இறைத்தாச்சு, மதகு இன்னும் திறந்தே கிடக்கு, அவ்வளவுதான்.

அந்தப் பிசின் மாதிரியான சளிக்கும் ஒரு காரணம் உண்டு. ஈசினோஃபில்கள் வெடித்துச் சாகும்போது ஊசி ஊசியான படிகங்கள் உருவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஷார்கோ, லைடன் என்ற இருவர் பார்த்து எழுதியவை, அவர்கள் பெயராலேயே அறியப்படுபவை. வெறும் கழிவு என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள். 2019இல் கென்ட் ஆய்வாளர்கள் அந்தப் படிகங்களே அழற்சியைத் தூண்டுகின்றன என்று காட்டினார்கள். எவ்வளவு சிந்தினாலும் வராத சளி அது.

கிருமி காரணமா, விருந்தாளியா?

இங்கே நிதானம் தேவை. "அப்போ கிருமியைக் கொன்றால் போதுமே" என்று தோன்றும். 2010இல் அதே ஐரோப்பியக் குழுவினர் சோதித்தார்கள். பாலிப் உள்ள 47 பேரை மூன்று பிரிவாக்கி, சிலருக்கு ஸ்டீராய்டு மாத்திரை, சிலருக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், சிலருக்கு வெற்று மாத்திரை, மூன்று வாரம். ஸ்டீராய்டில் பாலிப் நன்றாகச் சுருங்கி, நிறுத்தியதும் திரும்ப வளர்ந்தது. டாக்சிசைக்ளினில் கொஞ்சமே சுருங்கியது, ஆனால் பன்னிரண்டு வாரம் வரை நிலைத்தது. கிருமிக்குப் பங்கு உண்டு, முழுக் காரணம் அதுவல்ல என்று இதைப் படிக்கலாம்.

ஆன்டிபயாடிக் தோற்பதற்கும் காரணங்கள் உண்டு. இந்தக் கிருமி பயோஃபிலிம் என்ற வழவழப்பான கூட்டுக்குள் ஒளிந்துகொள்ளும், பாசிக்கு அடியில் மீன் நிற்பது மாதிரி. சவ்வின் அணுக்களுக்கு உள்ளேயே புகுந்தும் இருக்கும். அதோடு அழற்சியால் தளர்ந்த சவ்வு கிருமிக்கு வசதியான வீடு. கிருமி அழற்சியைக் கூட்டும், அழற்சி கிருமிக்கு இடம் கொடுக்கும். எது முதலில் என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் இரு அணியாகத்தான் நிற்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சான்று 2019இல் வந்தது. டுபிலுமாப் என்ற ஊசி மருந்து எந்தக் கிருமியையும் கொல்லாது, இன்டர்லூகின்-4, 13 இரண்டின் வாசலை மட்டும் அடைக்கும். 724 பேரிடம் நடத்திய இரு சோதனைகளில் பாலிப் சுருங்கியது, பலருக்கு வாசனை திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பலன் படிப்படியாகக் குறைந்தது. மதகை அடைத்தால் வயல் வடிகிறது, கையை எடுத்தால் மறுபடி பாய்கிறது. விலையோ தோட்டத் தொழிலாளி எட்டிப் பார்க்க முடியாத உயரம்.

நம்ம பக்கம் என்ன செய்யலாம்?

நான் டாக்டர் இல்லை. படித்ததில் நடைமுறைக்கு ஆகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. "ஸ்டீராய்டா, வேண்டாம்பா" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்றவை ரத்தத்தில் கலப்பது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குகூட இல்லை. அடைப்பு வந்த அன்று மட்டும் அடிப்பதற்கான மருந்து இல்லை இது, தினமும் அடிக்கணும். ஆபரேஷனுக்குப் பிறகும் தொடரணும். சித்தப்பா ரெண்டு தடவையும் தையல் ஆறியதும் நிறுத்தியவர். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும், நடுச்சுவரை விட்டு விலக்கி அடிக்கணும். உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து வேறு ரகம். அதை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

இரண்டாவது, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுதல். சளியோடு நச்சும் கழுவிப்போகும். 871 பேரை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2016இல் வெளியான சோதனையில் மூக்கு கழுவியவர்களுக்குப் பலன் தெரிந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி மட்டும் குறைந்தது. நொச்சி போட்டு வேது பிடிப்பது இதமாக இருக்கும், பிடிங்க, ஆனால் பாலிப் அதில் கரையாது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் கட்டாயம் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கணும். குழாய்த் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர் கூடவே கூடாது. நேக்ளேரியா என்ற அமீபா குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளைக்கு ஏறிவிடும். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இறந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் 2024இல் இந்த அமீபா உயிர்ப்பலி வாங்கியது.

மூன்றாவது, வலி மாத்திரை. பாலிப்பும் ஆஸ்துமாவும் உள்ளவர்களில் ஒரு சாராருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போட்டால் ஓரிரு மணி நேரத்தில் கடுமையான மூச்சுத்திணறல் வரும். தலைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையில் இவை இருக்கலாம். முன்பு ஒரு தடவை அப்படி ஆகியிருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

நான்காவது, மூக்கில் வளர்வதெல்லாம் இந்தப் பாலிப் இல்லை. குளம், ஊருணியில் குளிக்கும் தென்தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்று உண்டு. அது சிவந்து, புள்ளி புள்ளியாக இருக்கும், தொட்டால் ரத்தம் கொட்டும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் பூஞ்சைக்கு வரும் அலர்ஜியாலும் பாலிப் வரும், களிமண் மாதிரி சளியோடு. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் நாற்றம், அடிக்கடி ரத்தம் என்றால் சொத்தைப் பல்லிலிருந்து கட்டி வரை எதுவாகவும் இருக்கலாம். கண் வீக்கம், பார்வை மங்கல், சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கு என்றால் அன்றைக்கே போகணும். 2021இல் கொரோனாவோடு வந்த கறுப்புப் பூஞ்சையை மறந்திருக்க மாட்டீர்கள்.

க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்க மூன்று கேள்விகளைச் சித்தப்பாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்டி எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஈசினோஃபில் எவ்வளவு? இளைப்புக்கு நுரையீரல் ஊதல் சோதனை செய்யணுமா? மூணாவது ஆபரேஷன் செய்தால், அதற்குப் பிறகு என்ன மருந்து, எத்தனை வருஷம்?

கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் கூடவே வைத்து ஆள வேண்டிய நோய் என்று முதல் ஆபரேஷனிலேயே அவருக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், ஸ்ப்ரேயை நிறுத்தியிருக்க மாட்டார். உங்கள் வீட்டிலும் "சதையை எடுத்தாச்சு, சரியாப் போச்சு" என்று மருந்தைத் தூக்கி அலமாரியில் வைத்தவர் யாராவது இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.